ஒகோதெம்மேலிப் பெரியவரும் என் பழைய கணக்கும்

மலர்க்குழுவினர் இந்த ஆண்டும் வழக்கம்போல, "சமணம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். நான் வேறொரு பாக்கியைத் தீர்த்துக்கொள்ள இடம் கேட்டேன். 1990களின் கடைசியில் நம் சங்கத்து மாதக் கூட்டம் ஒன்றில், ஆப்பிரிக்கப் பெரியவர் ஒருவரின் ஞானோபதேசம் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். வந்திருந்தவர்களில் சிலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியதில்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பேரேட்டில் வரவு தப்பாக விழுந்துவிட்டால், அடித்துத் திருத்திப் பக்கத்தில் காரணமும் எழுதி வைக்க வேண்டும். கடைக்காரனுக்கு அதுதான் முறை. இந்தக் கட்டுரை அந்தத் திருத்தம்.

புத்தகமும் பெரியவரும்

இங்கே கொல்கத்தாவில் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த நிலையில் அது கிடைத்தது. பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் கிரியோல் எழுதியது. 1948-இல் 'நீர்த் தெய்வம்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்போடு வெளிவந்து, 1965-இல் 'ஒகோதெம்மேலியுடன் உரையாடல்கள்' என்று ஆங்கிலமாயிற்று.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் பாண்டியாகரா என்றொரு நீண்ட செங்குத்துப் பாறைச்சரிவு இருக்கிறது. 1989-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. அந்தப் பாறையின் மேலும் அடிவாரத்திலும் டோகோன் மக்களின் ஊர்கள் உள்ளன. அவற்றில் சங்கா என்ற ஊர்த்தொகுதிக்கு கிரியோல் முதலில் வந்தது 1931-இல். அதற்கப்புறம் திரும்பத் திரும்ப வந்து முகமூடிகள், சடங்குகள், வழக்கங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 1946-இல், ஓகோல் என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார். அவர்தான் ஒகோதெம்மேலி. வேட்டைக்காரர். துப்பாக்கி வெடித்துக் கண் இரண்டும் போனவர்.

முப்பத்து மூன்று நாள் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பெரியவர் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொல்ல, கிரியோல் எழுதிக்கொண்டார். அதுதான் புத்தகம். அம்மா என்ற படைப்புக் கடவுள் மண்ணுருண்டைகளை வீசி நட்சத்திரங்களைப் படைத்தது, குயவன் பானை வனைவதுபோல சூரியனையும் சந்திரனையும் செய்தது, நம்மோ என்ற நீர்த்தெய்வ இரட்டையர் பிறந்தது, கொல்லன் சூரியனிலிருந்து நெருப்பைத் திருடி வானத்துக் களஞ்சியத்தில் ஏறிப் பூமிக்கு வந்தது என்று கதை விரிகிறது. அடிக்குறிப்பு கிடையாது, அட்டவணை கிடையாது. யாரும் படிக்கலாம் என்றே அப்படி எழுதினார். எனக்கு மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

துணிக்கடைக்காரனைப் பிடித்த இடம்

நான் ஆரணிப் பட்டையும் குடியாத்தம் லுங்கியையும் விற்றுப் பிழைத்தவன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். ஆகவே நெசவு பற்றிய கதையெல்லாம் எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. நம்மோ தெய்வம் வாயிலிருந்து எண்பது நூல்களை வெளியிட்டு, மேற்பல் கீழ்ப்பல் இரண்டிலும் பிரித்து வைக்கிறது. பற்கள்தான் அச்சு. தாடை திறந்து மூடப் பாவு பிரிந்து சேர்கிறது. பிளவுபட்ட நாக்கு ஊடையைத் தள்ளுகிறது. நெசவு நடக்கும்போதே அந்தத் தெய்வம் பேசுகிறது, பேச்சு துணிக்குள் போய்விடுகிறது. மனிதருக்குக் கிடைத்த இரண்டாவது 'சொல்' அதுதானாம். தறியின் உருளை கிறீச்சிடுவது சொல்லின் சத்தம். ராத்திரியில் நெய்யக்கூடாது, நெய்தால் இருட்டும் மௌனமும் துணிக்குள் போய்விடும்.

பாவு, ஊடை, அச்சு என்று நாங்கள் வாழ்நாளெல்லாம் சொல்கிறோம். நெய்யும்போது உள்ளே என்ன போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இன்னொரு நாள் பெரியவர் வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறார். வியாபாரம் இரட்டையரிடம் தொடங்கியது என்கிறார். இரட்டையர் சமம், சமமானவற்றைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். சோழியை எண்பது எண்பதாக எண்ணும் முறையைச் சொல்கிறார். பேரம் பேசுவது ஆளும் ஆளும் அல்ல, சரக்கும் சோழியும்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்ற கருத்து அதில் வருகிறது. படித்ததும் கடையில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்போ கடன் சொல்றவன் வாயில பேசுறது யாருங்க?" என்று கேட்டார்.

அந்தச் சோழிக்கும் நாம் வாழும் இந்த வங்காளத்துக்கும் உறவு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாக ஓடிய சோழி பெரும்பாலும் மாலத்தீவில் எடுத்தது. பதினான்காம் நூற்றாண்டில் இபன் பதூதா அதை மாலத்தீவிலும் பார்த்தார், மாலியிலும் பார்த்தார். பிற்பாடு ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்கள் வங்காளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் அதை அள்ளிக்கொண்டு போய், ஆப்பிரிக்கக் கரையில் கொட்டி மனிதர்களை வாங்கின. பெரியவர் சோழியைச் சொல்லோடு சேர்த்து வைத்துப் பேசினார். அதே சோழிக்கு ஆளை விற்ற கதையும் உண்டு. என் அன்றைய பேச்சில் முதல் பாதியைச் சொன்னேன், இரண்டாவது பாதியை விட்டுவிட்டேன்.

தப்பாக விழுந்த வரவுகள்

அன்று நான் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, 'அம்மா'. "டோகோன் மக்களின் கடவுள் பெயர் அம்மா" என்று சொல்லி, ஒரு விநாடி நிறுத்தினேன். அரங்கம் கைதட்டிற்று. எதற்கு நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். செனெகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு தேடுவதில் ஆர்வம் காட்டியவர். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆனால் டோகோன்களின் அம்மா தாய் அல்ல, ஆண். கதையில் பூமிதான் அவருக்கு மனைவி. ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று எடுத்துக்கொண்டால், கராச்சிக்கும் காஞ்சிக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம்.

இரண்டு, ராத்திரி. இருட்டியபின் நெய்யாமையை எங்கள் வீட்டு இரவு உண்ணாமையோடு சேர்த்துக் கட்டினேன். நாங்கள் பொழுது சாய்ந்தபின் உண்ணாதது கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக. அவர்கள் நெய்யாதது சொல்லுக்காக. இரண்டும் தனித்தனி அக்கறை. தன் வீட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு அடுத்தவன் துணியை அளந்தேன்.

மூன்று, சிரியஸ். இதுதான் பெரிய பிழை. கிரியோலும் ஜெர்மைன் தியேத்தர்லேனும் 1950-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிரியஸ் விண்மீனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை உண்டு என்று டோகோன்களுக்குத் தெரியும், மிகச் சிறிய தானியத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது செய்தி. அந்தத் துணையை தொலைநோக்கியில் முதலில் பார்த்தது 1862-இல். 1976-இல் ராபர்ட் டெம்பிள் என்பவர் இதை வைத்து, வேற்றுக்கிரகவாசிகள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு தடித்த புத்தகமே போட்டார். நான் வேற்றுக்கிரகம்வரை போகவில்லை. "பாருங்கள், தொலைநோக்கி இல்லாத ஞானம்" என்றேன்.

டச்சு ஆய்வாளர் வால்டர் வான் பேக் அதே மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, 1991-இல் தம் முடிவை எழுதினார். அந்தப் படைப்புக் கதையோ, சிரியஸின் துணையோ தாம் பழகிய டோகோன்களிடம் இல்லை என்கிறார். அப்படியானால் எங்கிருந்து வந்தது? அழுத்திக் கேட்கும் வெள்ளைக்காரர், விருந்தினரை மறுத்துப் பேசாத மரியாதை உள்ள ஊர்க்காரர், நடுவில் மொழிபெயர்ப்பாளர். மூவரும் சேர்ந்து, பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள் என்பது அவர் கருத்து. கிரியோலின் மகள் ஜெனிவியேவ் கலாம்-கிரியோல், டோகோன்களின் 'சொல்' பற்றியே பெரிய நூல் எழுதியவர், இதை மறுத்தார். வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் சிரியஸை நான் மேடையில் சான்றாக நிறுத்தியது தப்பு. அதை இத்தோடு அடித்துவிடுகிறேன்.

ஒரு முழப் படி

வான் பேக்கைப் படித்தபின் கொஞ்ச நாள் அந்தப் புத்தகத்தையே தொடவில்லை. ஏமாந்த சரக்கைப் பார்க்கப் பிடிக்காத மனநிலை. அப்புறம் மறுபடி எடுத்தபோது, முன்னால் வேகமாகத் தாண்டிப் போன ஒரு இடம் கண்ணில் பட்டது.

வானத்துக் களஞ்சியத்தைப் பெரியவர் அளவோடு சொல்கிறார். அடி வட்டம், குறுக்களவு இருபது முழம். மேல் சதுரம், பக்கம் எட்டு முழம். நாலு பக்கமும் பத்துப் பத்துப் படிகள். ஒவ்வொரு படிவரிசையிலும் மிருகங்கள், பறவைகள், செடிகள் நிற்கின்றன. கிரியோல் கணக்குப் போடுகிறார். ஒரு முழப் படியில் இத்தனை மிருகம் எப்படி நிற்கும்? நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். கிடங்கில் எத்தனை பேல் ஏறும் என்று கணக்குப் பார்க்கிறவன்தானே நான்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் வார்த்தையில்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஆனால் படியில் நிற்பவை எல்லாம் குறிகள், குறிகளுக்கு ஒரு முழம் தாராளம் என்ற கருத்தில் பதில் சொல்கிறார். குறி என்பதற்கு அவர் சொன்ன தொடருக்கு நேர்ப்பொருள், 'இந்தக் கீழுலகத்தின் சொல்'.

கென்யத் தத்துவ அறிஞர் ஒடேரா ஒருகா 1990-இல் வெளியிட்ட நூலில் பெரியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். ஊர் நம்புவதைப் பிசகாமல் எடுத்துச் சொல்கிறவர் ஒரு வகை. ஊர் நம்புவதையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குச் சான்றாக லுவோ இனத்துப் பெரியவர் பால் ம்புயா அகோகோ போன்றவர்களைக் காட்டுகிறார். கடவுள் எல்லோருக்கும் ஒருவரே, தங்கள் கடவுள் தனி என்று தம் இனத்தார் எண்ணியது தவறு என்று சொன்னவர் அவர். ஒகோதெம்மேலியை ஒருகா முதல் வகையில் வைக்கிறார். இங்கே நான் ஒருகாவோடு உடன்படவில்லை. வெறுமனே ஒப்பிக்கிறவராக இருந்தால், படிக் கணக்கு உதைத்ததும் தடுமாறியிருப்பார், அல்லது கதையை மாற்றியிருப்பார். இவர் கேட்டவரின் அளவுகோலைத் திருத்துகிறார். பதிலை மட்டும் கொடுக்கிறவர் தகவல் தருகிறார். கேட்கிற முறையையே சரிப்படுத்துகிறவர்தான் வழிகாட்டுகிறார். வான் பேக் சொல்வது முழுக்க உண்மையாக இருந்து, அந்தக் களஞ்சியம் ஒகோதெம்மேலி என்ற ஒரு மனிதரின் சொந்தக் கற்பனையாகவே இருந்தாலும், இந்த ஒரு இடம் விழாது.

புத்தகத்தில் இல்லாதவை

இனி குறைகள். இந்தப் புத்தகத்தில் பெரியவரிடம் வழி கேட்டு வருகிறவர் யாரையும் அநேகமாகப் பார்க்க முடியாது. டோகோன் ஊரில் வழிகாட்டல் என்பது தினசரி நடப்பது. ஆண்கள் கூடிப் பேசும் 'தோகு நா' என்ற சாவடி இருக்கிறது. அதன் கூரையை வேண்டுமென்றே தாழ்வாகப் போட்டிருப்பார்கள். கோபத்தில் எழுந்தால் தலை இடிக்கும், உட்கார்ந்துதான் பேச வேண்டும். நரிக்குறி பார்க்கிறவர் சாயங்காலம் மணலில் கட்டம் போட்டு, கேள்வியைக் குச்சிகளாலும் கோடுகளாலும் அமைத்து, வேர்க்கடலை தூவிவிட்டு வருவார். ராத்திரி நரி நடந்துபோன தடத்தைக் காலையில் படித்துச் சொல்வார். இவையெல்லாம் கல்யாணம், பயணம், நோய், நிலத்தகராறு என்று உயிருள்ள கேள்விகளுக்கு. கிரியோலின் முற்றத்தில் பெரியவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள், அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெண்கள் முற்றத்தைக் கடக்கும்போது பெரியவர் குரலைத் தாழ்த்துகிறார். அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும் என்று இந்தப் புத்தகத்தில் யாரும் கேட்பதில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. கிரியோல் 1931-இல் வந்தது டக்கார்-ஜிபூட்டிப் பயணக்குழுவின் தலைவராக. அந்தக் குழு ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோயிற்று. வழியில் சில ஊர்க்கோயில்களிலிருந்து வழிபாட்டுப் பொருள்களை மிரட்டியும் திருடியும் எடுத்ததை, குழுவின் செயலாளர் மிஷேல் லெய்ரிஸ் தம் நாட்குறிப்பில் எழுதி 1934-இல் அச்சிட்டுவிட்டார். 1946-இல் அந்த முற்றத்தில் பணிவோடு உட்கார்ந்தவர் அதே ஆள்தான். மாறியிருக்கலாம். மாறினார் என்றே நினைக்கிறேன். ஆனால் புத்தகத்தில் தம்மைப் 'படர்க்கையில்' எழுதிக்கொண்டவர், அந்தப் பழைய பற்றுக்கு ஒரு வரி கூட எழுதவில்லை.

மாலியைச் சேர்ந்த அமாது ஹம்பாத்தே பா 1960-இல் யுனெஸ்கோவில், ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறப்பது ஒரு நூலகம் எரிவதற்குச் சமம் என்ற பொருளில் பேசினார். உலகமெங்கும் அதை எடுத்துச் சொல்கிறார்கள், நானும் அன்று சொன்னேன். அவர் நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் நூலகத்தில் யாரும் நுழையலாம், புத்தகம் ஆளைப் பார்ப்பதில்லை. பெரியவர் ஆளைப் பார்க்கிறார். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது அவர் உரிமை. சங்காவின் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தபின்தான் ஒகோதெம்மேலி பேசினார் என்று தியேத்தர்லேன் எழுதுகிறார்.

இன்று அந்தப் பாறைச்சரிவு அமைதியாக இல்லை. 2012-இல் மாலியில் தொடங்கிய போர் நடு மாலிக்கும் பரவியது. 2019 மார்ச்சில் ஒகோசாகுவில் ஃபுலானி மக்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். டோகோன் ஆயுதக்குழுமேல் குற்றம் சாட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் சோபானே டா என்ற டோகோன் ஊரில் குழந்தைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். டோகோன்களில் பலர் இன்று முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களும் உண்டு. "காலம் நின்றுபோன ஞானபூமி" என்று நான் மேடையில் வர்ணித்தேனே, அப்படி ஒரு இடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தாழ்ந்த கூரைச் சாவடியில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள் அங்கே இப்போது நிறைய இருக்கின்றன.

அந்தப் பெண் கேட்டது

அன்று பேச்சு முடிந்ததும், லேக் மார்க்கெட் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், எழுந்து கேட்டாள். "அங்கிள், அந்தப் பெரியவர் எதுக்கு இவர்கிட்ட சொன்னார்? இவர் திரும்ப என்ன கொடுத்தார்?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

எங்கள் நெறியில் சுவாத்தியாயம் ஐந்து வகை என்பார்கள். படித்தல், ஐயம் கேட்டல், சிந்தித்தல், பாராயணம், கடைசியில்தான் பிறருக்கு உபதேசம். நான் இரண்டாவது படியிலிருந்து ஐந்தாவது படிக்குத் தாவினேன். கிரியோலும் அதைத்தான் செய்தார் என்று தோன்றுகிறது. 1946-இல் கேட்டார், 1948-இல் உலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சொந்த விஷயமும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குச் சில வருஷம் கழித்து, வந்தவாசிப் பக்கம் ஊருக்குப் போனபோது, சின்ன ரிக்கார்டர் ஒன்றும் முப்பது கேள்வி எழுதிய தாளும் எடுத்துப் போனேன். என் மாமனாருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. ஏட்டுச்சுவடி படிக்கத் தெரிந்தவர், விரதக் கதைகள் எல்லாம் மனப்பாடம். பொத்தானை அமுக்கி முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் ரிக்கார்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்ள, இத வெச்சி நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றார். "பதிவு பண்ணி வெக்கலாம்னு மாமா" என்றேன். "சரி" என்றார். முப்பது கேள்விக்கும் பதில் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. மறுநாள் காலையில், ரிக்கார்டரைப் பைக்குள் வைத்துப் பூட்டியபின், பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே ஒரு கதையை ஒரு மணி நேரம் சொன்னார். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒலிநாடா என்னிடம் இருக்கிறது. மாமனார் இல்லை. அந்தக் கதையில் பாதி என் மகனுக்கு ஞாபகம் இருக்கிறது. மீதியை என்னிடம் கேட்கிறான்.

நம் சங்கம் மூத்தோர் நினைவுகளைக் காணொளியில் பதிவு செய்யப்போவதாக அறிவித்திருக்கிறது. நல்ல காரியம், என் பங்குக்குப் பணமும் எழுதியிருக்கிறேன். கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். முதல் கேள்வியை மட்டும் எழுதியிருக்கிறேன். அது மூத்தவரைப் பார்த்துக் கேட்பது அல்ல. பதிவு செய்யப் போகிற பிள்ளைகள், காமிராவைத் திறப்பதற்கு முன்னால், தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: இவர் என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது நான் அல்ல, அன்று எழுந்து நின்ற பெண். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. இந்த மலர் அவள் கையில் கிடைத்தால், அவள் கணக்கில் இருபத்தைந்து வருஷ பாக்கியில் கொஞ்சம் வரவு வைத்துக்கொள்ளட்டும்.